சென்னை – டொரண்டோ விமானப் பயணம்: எத்தனை மணி நேரம், என்னென்ன காகிதம், எவ்வளவு செலவு

சென்னையிலிருந்து டொரண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் ஆரம்பம். எங்கே மாறுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, நடுவில் இறங்கும் நாட்டுக்கு விசா வேண்டுமா, பெட்டி நேராகப் போய்ச் சேருமா என்று அப்பா அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தபோது ஒவ்வொன்றையும் அலைந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். ஏஜென்ட் ஒன்று சொல்வார், ஏர்லைன் ஒன்று சொல்லும். முதல்முறை வருகிறவர்களும் பெற்றோரை வரவழைக்கிறவர்களும் அந்த அலைச்சலைப் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கான கணக்கு இது.

1. தூரமும் நேரமும்

நேர்கோடு போட்டால் சென்னைக்கும் டொரண்டோவுக்கும் சுமார் 13,400 கிலோமீட்டர். உருண்டையான பூமியில் இந்த நேர்கோடு மேற்கே போகாமல் வடக்கே ஏறி, வடதுருவத்துக்குப் பக்கமாகச் சுற்றி இறங்கும். ஒரே விமானம் நிற்காமல் பறந்தால் 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி ஒன்று இல்லாததால், வழக்கமான வழிகளைப் பார்ப்போம்.

துபாய் வழி: சென்னை – துபாய் சுமார் 2,900 கி.மீ., நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். துபாய் – டொரண்டோ சுமார் 11,100 கி.மீ., ஏறக்குறைய 14 மணி நேரம். தோஹா, அபுதாபி வழிகளும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

லண்டன் வழி: முதல் விமானம் சுமார் 8,200 கி.மீ., 11 மணி நேரம். அடுத்தது 5,700 கி.மீ., எட்டு மணி நேரம். பிராங்பர்ட் வழியும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

டெல்லி வழி: சென்னை – டெல்லி 1,760 கி.மீ., மூன்று மணி நேரத்துக்குள். டெல்லி – டொரண்டோ 11,600 கி.மீ., 15 மணி நேரமோ அதற்கு மேலோ.

இப்போது கூட்டிப் பாருங்கள். டெல்லி வழி கிட்டத்தட்ட நேர்கோட்டிலேயே போகிறது. துபாய் வழியில் 600 கி.மீ. கூடுதல், லண்டன் வழியிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது எந்த வழியில் போனாலும் தூரத்தால் வரும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒருவர் 21 மணி நேரத்தில் வந்துவிட, இன்னொருவருக்கு 34 மணி நேரம் ஆவதற்குக் காரணம் நடுவில் உட்கார்ந்திருக்கும் நேரம். டிக்கெட் தேடும்போது “எந்த ஊர் வழி கிட்டே?” என்று யோசிக்காதீர்கள். “மொத்தம் எத்தனை மணி நேரம், எந்த விமான நிலையத்தில் எவ்வளவு நேரம் காத்திருப்பு?” என்று மட்டும் பாருங்கள். மொத்தம் 21 முதல் 25 மணி நேரத்துக்குள் இருந்தால் நல்ல டிக்கெட். 30-ஐத் தாண்டினால், வயதானவர்களை அதில் ஏற்றாதீர்கள்.

பறக்கும் நேரமும் நிலையானது இல்லை. ரஷ்ய வான்வெளி 2022 முதல் ஐரோப்பிய, கனடிய விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. வட அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போனதும் உண்டு. அதே ஆண்டு ஜூனில் கத்தார் வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டு, தோஹா வழிப் பயணிகள் பலர் சிக்கிக்கொண்டார்கள். அதனால் பழைய தகவலை நம்பாமல், நீங்கள் போகிற மாதத்தின் கால அட்டவணையைப் பாருங்கள்.

2. கடிகாரம், தேதி

டொரண்டோ குளிர்காலத்தில் நமக்கு 10 மணி 30 நிமிடம் பின்னால். மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 9 மணி 30 நிமிடம் பின்னால். டிக்கெட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் சென்னையில் இரவு 9:30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 9:30-க்கு டொரண்டோவில் இறங்குவதாகப் போட்டிருந்தால், பன்னிரண்டு மணி நேரம்தானா என்று சந்தோஷப்படாதீர்கள். அதோடு பத்தரையைக் கூட்ட வேண்டும், 22 மணி 30 நிமிடம்.

இதைவிடப் பெரிய பொறி நள்ளிரவு விமானம். 15-ஆம் தேதி அதிகாலை 1:40 என்று போட்டிருந்தால் வீட்டிலிருந்து கிளம்புவது 14-ஆம் தேதி இரவு. 15-ஆம் தேதி இரவு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்துக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விமானம் 15-ஆம் தேதி அதிகாலையிலேயே போயிருக்கும், பணமும் பெரும்பாலும் போனதுதான். அம்மாவிடம் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். “வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு கிளம்பணும்” என்று சொல்லுங்கள்.

3. விசா கையில் வரும்வரை டிக்கெட் வேண்டாம்

விசா நடைமுறை தனிக் கட்டுரைக்கு உரியது. பயணத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். விசிட்டர் விசாவுக்கு ஒருவருக்கு 100 கனடிய டாலர், கைரேகை எடுக்க 85 டாலர். ஒருமுறை கொடுத்த கைரேகை பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

பெற்றோருக்கு சூப்பர் விசா என்று ஒன்று உண்டு. ஒருமுறை நுழைந்தால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். சாதாரண விசிட்டர் விசாவில் பொதுவாக ஆறு மாதம்தான். சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஓராண்டுக்கு, குறைந்தது 1,00,000 கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. பிள்ளையின் அழைப்புக் கடிதம், வருமானச் சான்று, பிறப்புச் சான்றிதழ் போன்றவையும் சேர வேண்டும். காப்பீட்டுச் செலவுதான் இதில் கை கடிக்கும். வயதையும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்பதையும் பொறுத்து ஒருவருக்கே ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகும். வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: விசா மறுக்கப்பட்டால் பணம் முழுதும் திரும்புமா? ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு எந்த நிபந்தனையில் ஈடு கிடைக்கும்?

பாஸ்போர்ட் காலாவதியாக ஓராண்டுக்குள் இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி விசா கொடுக்க மாட்டார்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தவுடன் டிக்கெட் போட்டுவிடத் தோன்றும். பொறுங்கள். பாஸ்போர்ட்டை விசா மையத்தில் கொடுத்து, ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பக் கைக்கு வர இன்னும் நாட்கள் ஆகும். அந்த ஸ்டிக்கரில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் சரியா என்று பார்த்த பிறகுதான் டிக்கெட்.

மாணவர்கள் கவனிக்க: பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா வேறு, ஸ்டடி பர்மிட் வேறு. பர்மிட்டை டொரண்டோவில் இறங்கியபின் அதிகாரி அச்சடித்துக் கொடுப்பார். அதற்கு, விண்ணப்பம் ஏற்கப்பட்டபோது கனடா அரசு அனுப்பிய அனுமதிக் கடிதத்தை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள், செக்-இன் பெட்டிக்குள் அல்ல.

4. பெயர்: நம்மவர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி

நம் ஆட்களில் பாதிப்பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது சிலருக்கு அப்பா பெயர் ‘சர்நேம்’ கட்டத்தில் இருக்கும். சிலருக்கு எல்லாப் பெயரும் ‘கிவன் நேம்’ கட்டத்திலேயே இருந்து, சர்நேம் காலியாக இருக்கும். அம்மாக்களின் பாஸ்போர்ட்டில் இரண்டாவது வகையை நிறையப் பார்க்கலாம்.

சர்நேம் காலியாக இருந்தால், கனடா விசா விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, கிவன் நேமைக் காலியாக விட வேண்டும். விசாவிலும் அப்படித்தான் வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். டிக்கெட் போடும் இணையதளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. ஒரு ஏர்லைன் ஒரே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று காலிக் கட்டத்தில் எஃப்.என்.யு. (‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். ஆகவே நீங்கள் போகும் ஏர்லைனிடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி போடுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டால் கவுன்டரில் காட்டலாம். கணவர் பெயரையோ வீட்டில் கூப்பிடும் பெயரையோ நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஏர்லைன் போடச் சொன்னதைத் தவிர, பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு எழுத்தும் டிக்கெட்டில் இருக்கக் கூடாது. டிக்கெட் வந்த பிறகு பெயரைத் திருத்துவது சில ஏர்லைனில் கட்டணத்தோடு முடியும், சிலவற்றில் ரத்து செய்து புதிதாக வாங்குவதுதான் வழி.

5. நடுவில் மாறும் ஊர்

அமெரிக்கா வழியாக வரும் டிக்கெட் சில நேரம் மலிவாகக் கிடைக்கும். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். அங்கே இமிக்ரேஷன் தாண்டாமல் அடுத்த விமானத்துக்கு மாற முடியாது. எங்களிடம் ஒரு ஏஜென்ட் “ட்ரான்சிட்தானே சார், ஒன்றும் கேட்க மாட்டார்கள்” என்று அடித்துச் சொன்னார். அதை நம்பியிருந்தால் சென்னை கவுன்டரிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

லண்டன், பிராங்பர்ட் வழிக்கு இந்தியர்களுக்கென்று ட்ரான்சிட் விசா விதி இருந்தாலும், செல்லுபடியாகும் கனடா விசா பாஸ்போர்ட்டில் இருந்து, ஒரே டிக்கெட்டில் உள்ளேயே மாறுவதாக இருந்தால் அது தேவைப்படாது. துபாய், தோஹா, அபுதாபியில் உள்ளேயே மாறுகிறவர்களுக்கும் கவலை இல்லை.

“ஒரே டிக்கெட்” என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஒரு ஏர்லைன், நடுவிலிருந்து வேறு ஏர்லைன் என்று தனித்தனியாக வாங்கினால் பத்து பதினைந்தாயிரம் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். ஒரே பி.என்.ஆர். எண்ணில் எல்லா விமானமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே ஊரில் இரண்டு விமான நிலையம் இருக்கும் இடங்களில் இறங்குவதும் ஏறுவதும் ஒரே நிலையம்தானா என்றும் பாருங்கள்.

காத்திருப்பு எவ்வளவு இருக்கலாம்? பெற்றோர் தனியாக வந்தால் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் என் கணக்கு. ஒன்றரை மணி நேர இணைப்பை ஏர்லைனே விற்கும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் முட்டி வலியோடு நிற்கும் ஒருவருக்கு அது போதாது.

6. செலவும் டிக்கெட் வாங்கும் காலமும்

சீசன் இல்லாத மாதங்களில் போக வர ஒருவருக்கு ஒரு லட்சத்தை ஒட்டி இருப்பது, ஜூலை, ஆகஸ்ட், டிசம்பரில் ஒன்றரை லட்சத்தை எளிதாகத் தாண்டும். ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி சேரும் மாணவர் கூட்டமும் விடுமுறை முடிந்து திரும்பும் குடும்பங்களும் ஒன்றாக மோதும், அந்த வாரத்தை முடிந்தால் தவிருங்கள். பிப்ரவரியும் அக்டோபர் நடுப்பகுதியும் பர்ஸுக்கு இதமானவை. இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்குவது போதும். மாணவர்கள் ஏர்லைனின் சொந்தத் தளத்தில் மாணவர் கட்டணத்தைப் பாருங்கள், விலை குறையாவிட்டாலும் ஒரு பெட்டி கூடக் கிடைக்கலாம்.

தேடுவதற்கு, பல ஏர்லைன் விலைகளை ஒன்றாகக் காட்டும் தொகுப்புத் தளங்கள் நல்லது. வாங்குவதை ஏர்லைனில் நேரடியாக வாங்குவதே என் வழக்கம். விமானம் ரத்தானால் ஏஜென்ட் “ஏர்லைனைக் கேளுங்கள்” என்பார், ஏர்லைன் “ஏஜென்டைக் கேளுங்கள்” என்னும். ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்கு இந்தப் பந்தாட்டம் வேண்டாம். பெற்றோர் எப்போது திரும்புவார்கள் என்று நிச்சயமில்லாவிட்டால், தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பதை விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று வீல்சேர். இது இலவசம், முன்பதிவில் கேட்டுவிடுங்கள். “எனக்கென்ன, நான் நடப்பேன்” என்று அப்பா மறுப்பார். வீல்சேர் நடக்க மட்டும் அல்ல, மொழி தெரியாதவரைச் சரியான கேட்டில் கொண்டுபோய் விட ஓர் ஆள் கூடவே வருவார் என்று விளக்குங்கள். இரண்டு, சைவச் சாப்பாடு. இதை விமானத்தில் ஏறியபின் கேட்டால் கிடைக்காது, குறைந்தது ஒருநாள் முன்பாவது பதிவாகியிருக்க வேண்டும்.

7. பெட்டி

பல ஏர்லைனில் கனடாவுக்கு ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு. மலிவுக் கட்டணத்தில் ஒன்றுதான் இருக்கும், டிக்கெட்டைப் படியுங்கள். 46 கிலோவை ஒரே பெட்டியில் கொண்டு போக முடியாது, 32-க்கு மேல் ஒரு பெட்டியை வாங்கவே மாட்டார்கள். வீட்டிலேயே எடை போட்டு 22-இல் நிறுத்துங்கள். கவுன்டர் முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து, முறுக்கு டப்பாவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குடும்பத்தைச் சென்னையில் எந்த ராத்திரியும் பார்க்கலாம்.

கொப்பரைத் தேங்காய் கூடவே கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடியது என்று சென்னையிலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஊறுகாய், நெய், இட்லிப்பொடி எண்ணெய் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, கைப்பையில்தான் வைக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, செடி, விதை, இறைச்சி வேண்டாம். மற்ற தின்பண்டங்கள், பொடிகள், மளிகை எதுவாக இருந்தாலும் கனடாவில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். மருந்துகளை அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு, மூன்று மாதத்துக்கு உள்ளது எடுத்துக்கொள்ளலாம். பயண நேரத்துக்கான மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் வருகிறவர்கள் ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம்.

8. சென்னையில் கிளம்பும் இரவு

நான்கு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வெளிநாட்டு விமானம் என்றால் புதிய இரண்டாம் முனையம். டெல்லி வழி என்றால் உள்நாட்டு முனையத்தில் ஏற வேண்டியிருக்கும், டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்து டாக்சிக்காரரிடம் சொல்லுங்கள்.

கவுன்டரில் விசாப் பக்கத்தைப் புரட்டுவார்கள், திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம், காப்பீடு கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதில் உங்கள் டொரண்டோ முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். போனில் இருக்கிறது என்று விட வேண்டாம், சார்ஜ் போனால் அவ்வளவுதான். பெட்டிச் சீட்டில் கடைசி ஊர்க் குறியீடு ஒய்.ஒய்.இசட். என்று இருக்கிறதா என்று பார்க்கவும். அது டொரண்டோ பியர்சன். நடு ஊரின் குறியீடு இருந்தால் அங்கேயே கேளுங்கள். இரண்டு போர்டிங் பாஸும் சென்னையிலேயே கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பதினான்கு மணி நேர விமானத்தில் ஓர இருக்கையாக வாங்கி, மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். சர்க்கரை மருந்து எடுப்பவர்கள், பத்து மணி நேர வித்தியாசத்தில் எந்த வேளையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்க வேண்டும்.

9. பியர்சனில் இறங்கியதும்

சுங்கப் படிவத்தை ‘அரைவ்கேன்’ செயலியில் 72 மணி நேரத்துக்குள் முன்பே நிரப்பலாம். கட்டாயம் இல்லை, ஆனால் நிரப்பியிருந்தால் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் நேரம் குறையும். அதிகாரி கேட்பது மூன்று நான்கு கேள்விதான்: எதற்கு வந்தீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், எவ்வளவு நாள், சாப்பாட்டுப் பொருள் என்ன இருக்கிறது. 10,000 கனடிய டாலர் அளவுக்கோ மேலோ பணம் இருந்தால் சொல்ல வேண்டும். தமிழில் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

சூப்பர் விசாவில் வருகிறவர்கள் “சூப்பர் விசா” என்று வாய்விட்டுச் சொல்லி, முத்திரையில் எதுவரை தங்கலாம் என்று தேதி ஏதும் எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே பார்க்க வேண்டும். மாணவர்கள் பர்மிட் இல்லாமல் அந்த மண்டபத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

வான்கூவர், கல்கரி என்று மேலே போகிறவர்களுக்கும் பொதுவாக இமிக்ரேஷன் டொரண்டோவில்தான். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம், அதற்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

பெட்டி வரவில்லை என்றால் வெளியே வருவதற்கு முன்பே ஏர்லைன் மேஜையில் எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். பெட்டி உடைந்திருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். ஏர்லைன் காரணத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கனடா விதிப்படி இழப்பீடு உண்டு: பெரிய ஏர்லைன் என்றால் 400 டாலரில் தொடங்கி, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் 1,000 வரை. கனடாவுக்கு வரும் விமானத்துக்கும் இது பொருந்தும், ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். வானிலையோ பாதுகாப்போ காரணம் என்றால் கிடைக்காது.

10. திரும்பும்போது

கிழக்கே போகும்போது உயரத்துக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பறக்கும் நேரம் கொஞ்சம் குறையும். ஆனால் நாள்காட்டியில் இழப்பு. திங்கள் இரவு கிளம்பினால் பெரும்பாலும் புதன் விடியற்காலையில்தான் சென்னை. அழைக்க வருகிறவர்களிடம் இறங்கும் தேதியைத் தனியாகச் சொல்லுங்கள்.

டெல்லி வழியாகத் திரும்பினால் பெட்டிச் சீட்டில் சென்னை என்று இருந்தாலும், டெல்லியில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டியிருக்கும். டொரண்டோ கவுன்டரிலேயே கேட்டு, பெற்றோருக்கு ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: “டெல்லியில் பெட்டி எடுக்கணும். நாலு பெட்டி. சிவப்பு ரிப்பன்.”